போராட்டக் குழுவில் மகிழ்ச்சிக்கு இடம் ஒதுக்குவது எப்படி?

ஏதேனும் ஓர் அநீதியைக் கண்டு எழுந்த கோபத்தில் ஒரு குழு உருவாகிறது. முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர் வருகிறார்கள், நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் நிற்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஐந்தே பேர் நாற்காலிகளைப் போட்டு, அந்த ஐந்து பேரே பேசி முடித்து, நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டு வீடு திரும்புகிறார்கள். வராமல் போனவர்களுக்கு அக்கறை இல்லை என்று அந்த ஐவரும் முடிவுகட்டிவிடுவது வழக்கம். விலகியவர்களிடம் தனியே பேசிப் பார்த்தால் பெரும்பாலும் வேறொரு காரணம் கிடைக்கும். கோரிக்கையில் அவர்களுக்கு இன்றும் உடன்பாடுதான். ஆனால் கூட்டத்துக்குப் போய்வந்த இரவெல்லாம் மனம் கனத்துக் கிடக்கிறது, வேலைநாளின் களைப்போடு அதையும் சேர்த்துச் சுமக்க அவர்களால் முடியவில்லை.

இந்த வழிகாட்டி அந்த ஐந்து பேருக்காக எழுதப்படுகிறது. துண்டறிக்கை அச்சடிக்கவும் மனு கொடுக்கவும் திட்டமிடுவதைப் போலவே மகிழ்ச்சிக்கும் குழுவினர் திட்டமிட வேண்டும், அதற்கென நேரமும் ஆளும் சிறிதளவு பணமும் ஒதுக்க வேண்டும் என்பதே இதில் சொல்லப்படும் செய்தி. வேலையெல்லாம் முடிந்து நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிற குழுவில் வேலை ஒருநாளும் முடிவதில்லை.

எதை மகிழ்ச்சி என்கிறோம்

போராட்டத்தில் மகிழ்ச்சி என்றவுடன் சிலருக்கு முகம் சுருங்கும். மக்கள் துன்பப்படும்போது நமக்கென்ன சிரிப்பு என்ற அந்தக் கேள்வியை எள்ளி ஒதுக்கக் கூடாது. அது நேர்மையான கேள்வி, பழைய கேள்வியும்கூட. அமெரிக்காவில் அரசின்மைவாதப் பேச்சாளராகப் புகழ்பெற்ற எம்மா கோல்ட்மன், தம் இளமைக்காலத்தில் ஒரு நிகழ்ச்சியில் உற்சாகமாக நடனமாடிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் அவரைத் தனியே அழைத்து, கிளர்ச்சிப் பணியில் இருப்பவர் இப்படி ஆடுவது தகாது, அதனால் இயக்கத்தின் மதிப்புக் குறையும் என்று கண்டித்தார். விடுதலைக்காகவும் அழகுக்காகவும் நிற்கிற ஓர் இலட்சியம் தன்னைத் துறவியாக்க ஏன் விரும்ப வேண்டும் என்று தாம் சினந்ததாக 1931இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். (ஆட முடியாத புரட்சி எனக்கு வேண்டாம் என்று அவர் பெயரில் சட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் காணப்படும் வாசகத்தை அந்த வடிவில் அவர் எழுதியதில்லை, இந்த நிகழ்வை ஒட்டி 1970களில் பிறர் புனைந்துகொண்டது அது.)

இங்கே மகிழ்ச்சி என்று குறிப்பிடுவது கேளிக்கையை மட்டும் அல்ல. பலர் ஒரே குரலில் பாடும்போதும் ஒரே நடையில் நடக்கும்போதும் ஒவ்வொருவருக்குள்ளும் எழுகிற பெருக்கம் ஒன்று உண்டு. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கேம் சமயச் சடங்குகளை ஆராய்ந்து 1912இல் வெளியிட்ட நூலில் அதைக் கூட்டுக் கொந்தளிப்பு என்னும் பொருள்படும் தொடரால் குறித்தார். அதைவிட அடக்கமான மகிழ்ச்சிகளும் இருக்கின்றன: நேற்றுவரை தெரியாத ஒரு வேலையை இன்று கற்றுக்கொண்ட நிறைவு, தன் பெயரைச் சொல்லி ஒருவர் வரவேற்கும்போது வரும் இதம், தான் அஞ்சி நடுங்கிய அதிகாரியைப் பார்த்து முதல்முறை சிரிக்க முடிந்தபோது தோளிலிருந்து இறங்கும் பாரம். குழு நடத்துபவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் தர வேண்டியதில்லை. எந்த வகை தன் குழுவில் அறவே இல்லை என்று பார்த்து அதிலிருந்து தொடங்குவது போதும்.

கூட்டத்தில் தொடங்குங்கள்

பெரும்பாலான குழுக்கள் மகிழ்ச்சியை ஆண்டு விழாவில் தேடுகின்றன. உறுப்பினர் ஒருவர் ஆண்டு விழாவுக்கு ஒருமுறை வருகிறார், சாதாரணக் கூட்டங்களுக்கோ முப்பது முறை வருகிறார். ஆகவே திருத்தம் தேவைப்படுவது சாதாரணக் கூட்டத்தில்தான்.

முதலில் நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள். ஒன்றரை மணி நேரக் கூட்டம் என்று அறிவித்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடியுங்கள், பேச்சு பாதியில் நின்றாலும் பரவாயில்லை. குறித்த நேரத்தில் வீடு திரும்பலாம் என்ற உறுதி குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு வருபவருக்கும் மறுநாள் அதிகாலை வேலைக்குப் போக வேண்டியவருக்கும் பெரிய ஆறுதல். இது மகிழ்ச்சியைப் பற்றிய அறிவுரைபோல் தோன்றாது என்பது தெரியும். ஆனாலும் நான் பார்த்தவரையில் கூட்டங்களின் மனநிலையை இதைவிட விரைவாக மாற்றிய நடவடிக்கை வேறொன்று இல்லை.

அடுத்து, தொடக்கத்தில் பதினைந்து நிமிடத்தை நிகழ்ச்சி நிரலில் எழுத்திலேயே ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் ஒவ்வொருவரும் சென்ற கூட்டத்துக்குப் பிறகு நடந்த நல்லது ஒன்றைச் சொல்லலாம். அது போராட்டத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டியதில்லை. சொல்ல விருப்பமில்லாதவர் தாண்டிச் செல்லலாம் என்பதை முதலிலேயே அறிவித்துவிடுங்கள். ஒருவருடைய மகள் தேர்வில் தேறியதும், இன்னொருவர் நெடுநாள் பழுதாகிக் கிடந்த மிதிவண்டியைத் தாமே சரிசெய்ததும் அவையில் தெரிந்த பிறகு, அதே இருவருக்கும் இடையே அரை மணி நேரம் கழித்து எழும் கருத்து வேறுபாடு வேறு தொனியில் நடக்கும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு கூட்டத்திலும் கையால் செய்யும் வேலை ஒன்று இருக்கட்டும். பதாகைக்கு வண்ணம் தீட்டுவது, துண்டறிக்கைகளை மடிப்பது, கையெழுத்துப் படிவங்களை வரிசைப்படுத்துவது ஆகியவற்றை ஓர் ஆர்வலர் வீட்டுக்கு எடுத்துப்போய் இரவு முழுவதும் தனியே செய்து முடிப்பதுதான் பல குழுக்களில் நடக்கிறது. அதைத் தியாகம் என்று பாராட்டுவதை நிறுத்திவிட்டு, அந்த வேலையை மேசைமேல் பரப்புங்கள். அவையில் எழுந்து நின்று பேசத் தயங்குபவர்கள் கை வேலை செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு தாராளமாகப் பேசுவார்கள், கூட்டத்தில் யாரும் சொல்லாத தகவல்கள் அப்போதுதான் வெளிவரும். வாட்ஸ்அப் குழுவில் இருநூறு செய்தி அனுப்பியும் வராத நெருக்கம் இரண்டு மணி நேரம் பசையும் தூரிகையுமாக உட்கார்ந்திருந்தால் வந்துவிடுகிறது.

புதிதாக வருபவரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர் வாசலில் தயங்கி நிற்கும் முதல் ஐந்து நிமிடம்தான் அவர் மீண்டும் வருவாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வரவேற்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்து, மாதந்தோறும் அதை மாற்றுங்கள். புதியவருக்கு அன்றே செய்து முடிக்கக்கூடிய சிறிய வேலை ஒன்றைக் கொடுங்கள். பழையவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் பழங்கதைகள் புதியவரை வெளியே நிறுத்திவிடுகின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அந்தச் சிரிப்பில் தவறில்லை, கதையை முதலிலிருந்து சொல்லி அவரையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் போதும்.

கூட்டத்தை வலுவாக நடத்துவது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு அமெரிக்காவின் மான்ட்கமெரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பைப் பார்க்கலாம். நிறப்பாகுபாட்டை எதிர்த்து 1955 டிசம்பர் 5 அன்று தொடங்கிய அந்தப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. கருப்பின மக்கள் நடந்தும், கார்களைப் பகிர்ந்துகொண்டும் வேலைக்குப் போனார்கள். தொடக்கத்திலிருந்தே வாரத்துக்கு இருமுறை, வெவ்வேறு தேவாலயங்களில் மாறிமாறி, பெருங்கூட்டங்கள் கூட்டினார்கள். அவற்றில் அறிவிப்புகளும் பண வசூலும் இருந்தன, நிறையப் பாட்டும் இருந்தது. கால் வலிக்க நடந்து வந்தவர்கள் மறுநாளும் நடப்பதற்கான தெம்பை அங்கேதான் பெற்றார்கள். வாகன ஏற்பாட்டைப் போலவே அந்த மாலைகளும் போராட்டத்தின் உள்கட்டமைப்பு என்றே கருத வேண்டும்.

பாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது

அச்சம் சூழ்ந்த இடத்தில் பாட்டுக்கு நிகரான கருவி இல்லை. டென்னசி மாநிலத்தில் தொழிற்சங்கத்தினரும் குடியுரிமைப் போராளிகளும் பயிற்சி பெற்றுவந்த ஹைலேண்டர் பள்ளிக்குள் 1959இல் ஓர் இரவு காவல்துறையினர் சோதனைக்காகப் புகுந்தபோது, இருளில் அமர்த்தப்பட்டிருந்தவர்கள் பாடத் தொடங்கினார்கள். அவர்களோடு இருந்த பதின்வயதுப் பெண் ஒருவர், எல்லோருக்கும் தெரிந்த பாட்டில் ‘நாங்கள் அஞ்சவில்லை’ என்ற பொருள்தரும் புதிய அடியைச் சேர்த்துப் பாடினார், மற்றவர்கள் அதைத் தொடர்ந்தார்கள். பின்னாளில் அந்தப் பாட்டு உலகின் பல நாடுகளுக்குப் போனபோது அந்த அடியும் உடன் போனது.

இந்த நிகழ்விலிருந்து நடைமுறைக்கான சில குறிப்புகளை எடுத்துக்கொள்ளலாம். அடிகள் குறுகியவையாகவும் திரும்பத் திரும்ப வருபவையாகவும் இருக்கட்டும்; தாளைப் பார்த்துப் பாட வேண்டிய பாட்டு காவல் வண்டி வந்து நிற்கும் நேரத்தில் உதவாது. ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லும் அமைப்பு இருந்தால், பாட்டைத் தெரியாதவரும் இரண்டாவது அடியில் சேர்ந்துகொள்வார். பயிற்சி பெற்ற தொண்டைக்கு மட்டும் எட்டும் சுருதியைத் தவிர்த்து, வயதானவரும் சிறுவரும் பாடக்கூடிய நடு சுருதியில் எடுங்கள். அன்றன்றைய கோரிக்கையைச் செருகிக்கொள்ள ஓர் அடி காலியாக இருப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் பாடிப் பாருங்கள். ஒலிபெருக்கி இருந்தால் மேடையில் இருப்பவர் பாடுகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள்.

பாடும் பழக்கம் நெருக்கடி நாளில் திடீரென்று முளைப்பதில்லை. எஸ்தோனியாவில் 1988 கோடையில் தலைநகர் தாலினின் பாட்டுத் திடலில் பெருந்திரளான மக்கள் இரவுதோறும் கூடி, சோவியத் ஆட்சி ஒதுக்கிவைத்திருந்த தேசப் பாடல்களைப் பாடினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாடுகளின் மக்களும் தலைநகரங்களை இணைத்து 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மனிதச் சங்கிலி அமைத்தார்கள். 1991இல் மூன்றும் விடுதலை அடைந்தன. பாட்டுப் பாடியதால் மட்டும் ஒரு பேரரசு கலைந்துவிடவில்லை, மாஸ்கோவின் அரசியல் நெருக்கடிக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆயினும் எஸ்தோனியாவின் பாட்டுத் திருவிழா 1869இல் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். ஊர்தோறும் சேர்ந்திசைக் குழுக்கள், அவற்றை நடத்தத் தெரிந்தவர்கள், ஒருவரை ஒருவர் அறிந்த பாடகர்கள் என்று 119 ஆண்டுகளாக வளர்ந்த வலைப்பின்னல் அந்த இரவுகளில் கைகொடுத்தது. உங்கள் குழுவில் பாட்டுப் பயிற்சிக்கு உரிய காலம், போராட்டம் எதுவும் இல்லாத அமைதியான மாதங்களே.

நகைச்சுவையைக் கையாளும்போது

சிரிப்பு இருமுனைக் கத்தி. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம், அதற்கான விலையை யார் கொடுக்கப்போகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே அதைக் கையில் எடுக்க வேண்டும்.

செர்பியாவில் ஸ்லோபதான் மிலோசெவிச்சின் ஆட்சியை எதிர்த்து 1998இல் மாணவர்கள் தொடங்கிய ஒட்போர் இயக்கம் பெல்கிரேடின் கடைத்தெருவில் ஒரு பீப்பாயை வைத்தது. அதன்மேல் ஆட்சியாளரின் படம், பக்கத்தில் ஒரு மட்டை. நாணயம் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் ஓர் அடி அடிக்கலாம். வைத்தவர்கள் விலகிப்போய் வேடிக்கை பார்த்தார்கள், கடைக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று அடித்தார்கள். வந்த காவல்துறையினருக்குக் கைது செய்ய ஆள் அகப்படவில்லை. அடித்தவர்களைப் பிடித்தால் சாதாரணப் பொதுமக்களைப் பிடித்ததாகிவிடும், விட்டுவிட்டால் அடி தொடரும். கடைசியில் பீப்பாயைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், காவலர்கள் பீப்பாயைக் கைது செய்கிற காட்சி படமாகிப் பரவியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிராளிக்கு இழப்பு வரும்படி அமைத்ததுதான் அந்த விளையாட்டின் சூட்சுமம்.

ஜெர்மனியின் வுன்சீடல் என்ற சிறு நகரத்தில் நவநாஜிகள் ஆண்டுதோறும் ஊர்வலம் நடத்திவந்தார்கள். 2014 நவம்பரில் ஊரார் அதை மறிக்காமல், அவர்களுக்கே தெரியாமல் அதை நன்கொடை நடைபயணமாக மாற்றினார்கள். ஊர்வலத்தினர் நடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் 10 யூரோ வீதம், தீவிர வலதுசாரி இயக்கங்களைவிட்டு வெளியேற விரும்புவோருக்கு உதவும் அமைப்புக்குச் செல்லும் என்று முன்பே ஏற்பாடு செய்திருந்தார்கள். தெருவில் தூரத்தைக் குறித்து, உற்சாக வாசகங்களைத் தொங்கவிட்டு, முடிவில் நன்றியும் சொன்னார்கள். திரண்ட தொகை 10,000 யூரோ. தங்களுக்கு எதிராகவே நிதி திரட்டிக் கொடுத்துவிட்டு ஊர்வலத்தினர் வீடு திரும்பினார்கள்.

இவை போன்றவற்றை அப்படியே நகலெடுக்காமல், உங்கள் இடத்தில் எதிராளி எதைக் கண்டு தடுமாறுவார் என்று யோசியுங்கள். யோசிக்கும் கூட்டமே களிப்பானது; முதல் அரை மணி நேரம் எந்த யோசனையையும் யாரும் மறுக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் கூச்சப்படுபவரும் வாய் திறப்பார். பிறகு மூன்று சல்லடைகளில் சலியுங்கள். கேலி, பாதிக்கப்பட்டவரையோ, கீழ்நிலை ஊழியரையோ, ஒருவரது உடல், பிறப்பு, மொழி ஆகியவற்றையோ தொடுகிறதா என்று முதலில் பாருங்கள், தொட்டால் கைவிடுங்கள். கைதானால் வேலை இழக்கக்கூடியவர், குடியேற்ற உரிமை பறிபோகக்கூடியவர் யாரேனும் முன்னணியில் நிறுத்தப்படுகிறார்களா என்று கேளுங்கள். சிரித்து முடித்த வழிப்போக்கருக்குக் கோரிக்கை என்னவென்று ஒரு வரியில் தெரியுமா என்பது கடைசிச் சல்லடை. நல்ல யோசனைகள் பலவும் இதில்தான் தங்கிவிடுகின்றன.

துயரம் இருக்கும் அறையில்

மகிழ்ச்சியைத் திட்டமிடுவோர் செய்யக்கூடிய பெரும் தவறு, துயரத்தை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்வது. இழப்பைச் சந்தித்தவர் முன் போலியான உற்சாகம் அவமதிப்பாகவே விழும்.

சிலி நாட்டில் இராணுவ ஆட்சியாளர் அகுஸ்தோ பினோசெயின் பதவி நீட்டிப்புக்காக 1988 அக்டோபர் 5 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. அதற்கு முன் 27 இரவுகள், ஒவ்வொரு தரப்புக்கும் தொலைக்காட்சியில் 15 நிமிடம் கொடுக்கப்பட்டது. ‘வேண்டாம்’ தரப்பினர் வானவில்லைச் சின்னமாகக்கொண்டு, மகிழ்ச்சி வரப்போகிறது என்ற வாக்குறுதியை முன்வைத்தார்கள். சித்திரவதைக்கும் கொலைக்கும் ஆளானவர்களின் வேதனையை விளம்பரத் துள்ளலாக்குவதா என்று ‘வேண்டாம்’ தரப்புக்குள்ளேயே கடும் மனத்தாங்கல் இருந்தது, அது நியாயமானதுதான். அதே நிகழ்ச்சியில்தான் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பப் பெண்கள், இணையராக ஆட வேண்டிய குவேக்கா நடனத்தைத் தன்னந்தனியே ஆடிக் காட்டினார்கள். எதிரே ஆட வேண்டிய ஆண் இல்லாத அந்த வெற்றிடத்தை நாடே பார்த்தது. வாக்கெடுப்பில் ‘வேண்டாம்’ ஏறத்தாழ 56 விழுக்காடு பெற்றது. கொண்டாட்டத்துக்கு உரிய ஒரு வடிவம் துயரத்தைத் தாங்கும் வடிவமாகவும் ஆனது என்பதே இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உங்கள் நிகழ்வுகளிலும் இரண்டுக்கும் இடம் கொடுங்கள். இறந்தவரை நினைவுகூரும் கூட்டத்தில் அவர் எதைக் கண்டு சிரிப்பார் என்று அறிந்தவர்கள் சொல்லட்டும். வெற்றிக் கொண்டாட்டத்தில், அதைக் காணும் முன்பே மறைந்தவர்களின் பெயர்களைப் படியுங்கள். எவரையும் ஆடவோ பாடவோ சிரிக்கவோ வற்புறுத்தாதீர்கள்; ஓரமாக உட்கார்ந்து பார்க்க விரும்புகிறவருக்கு நாற்காலி இருக்க வேண்டும்.

மகிழ்ச்சி மூடிமறைக்கும் கருவியாகவும் மாறும். செயற்குழுவின் கணக்கில் கேள்வி எழும்போதோ, மூத்த உறுப்பினர் ஒருவரின் நடத்தை குறித்துப் புகார் வரும்போதோ, நாமெல்லாம் ஒரே குடும்பம் அல்லவா என்று சொல்லி விருந்து வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பூசலைப் பூசலாகவே எடுத்துப் பேசி முடியுங்கள், விருந்து பிறகு இருக்கட்டும். விருந்து என்றதும் இன்னொன்று: சமைப்பதும் பரிமாறுவதும் பாத்திரம் கழுவுவதும் பெண்கள் மீதே விழுந்தால் பாதிப் பேருக்கு அது இன்னொரு பணிநேரம்தான். பட்டியல் போட்டு முறை வையுங்கள், பட்டியலில் தலைவர் பெயரே முதலில் இருக்கட்டும். மது இல்லாத, படிக்கட்டு ஏற முடியாதவரும் வரக்கூடிய, செலவு செய்ய இயலாதவர் கூச்சப்படாத இடத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

நெடுங்காலம் தாங்குவதற்கு

பெரிய வெற்றி வரும்வரை கொண்டாட்டத்தை ஒத்திவைத்தால் குழு அதுவரை இருக்காது. இங்கிலாந்தின் கிரீனம் காமன் விமானத் தளத்தில் அமெரிக்க அணு ஏவுகணைகள் நிறுத்தப்படுவதை எதிர்த்துப் பெண்கள் 1981இல் அமைத்த முகாம் 2000 வரை நீடித்தது. 1983 புத்தாண்டு அதிகாலையில் அவர்களில் 44 பேர் வேலியேறிக் குதித்து, கட்டுமானத்தில் இருந்த ஏவுகணைக் கிடங்கின் உச்சியில் கைகோத்து வட்டமாக ஆடினார்கள். ஏவுகணைகள் அந்த ஆண்டே வந்து சேர்ந்தன. அவை முழுவதும் அகற்றப்பட்டது 1991இல். இடைப்பட்ட ஆண்டுகளில் மழையிலும் சேற்றிலும் கூடாரம் பிடுங்கப்பட்ட நாட்களிலும் அவர்களைக் காத்தவற்றில் அந்த வட்டத்தின் படமும் ஒன்று.

ஆகவே சிறிய வெற்றிகளை முன்கூட்டியே பெயரிட்டு எழுதிவையுங்கள்: நூறாவது கையெழுத்து, அதிகாரியின் முதல் எழுத்துப்பூர்வ பதில், முதன்முறை மேடையேறிப் பேசிய உறுப்பினர். அது நிகழ்ந்த வாரமே, பத்து நிமிடமானாலும், குழு கூடி அதைக் குறிக்க வேண்டும். தோல்விக்கும் இதே ஏற்பாடு தேவை. தீர்ப்போ தேர்தல் முடிவோ எதிராக வரக்கூடிய நாளில் எல்லோரும் அவரவர் வீட்டில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு தனியே இருக்கும்படி விடாமல், முடிவு எதுவானாலும் மாலையில் இன்ன இடத்தில் சந்திக்கிறோம் என்று ஒரு வாரம் முன்பே அறிவித்துவிடுங்கள்.

இந்தப் பணிக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், பொருளாளருக்கும் செயலாளருக்கும் உள்ள அதே மதிப்பு அவருக்கும் இருக்கட்டும். அவர் கூட்டங்களின் முடிவில் மூன்றைக் கவனிக்க வேண்டும்: கூட்டம் முடிந்தபின் எத்தனை பேர் உடனே கிளம்பாமல் நின்று பேசுகிறார்கள், அமைப்பாளர் கேட்காமலேயே யாராவது எதையாவது ஏற்பாடு செய்கிறார்களா, விலகிப்போனவர்கள் எவரேனும் எட்டிப் பார்க்கிறார்களா. மூன்று மாதம் குறித்துவைத்தால் எது பயனளிக்கிறது, எது வெறும் சம்பிரதாயமாகிவிட்டது என்பது அந்தக் குறிப்பேட்டிலேயே தெரியும். சம்பிரதாயமாகிப் போனதை, அது அவருக்கே பிடித்த நிகழ்ச்சியாக இருந்தாலும், நிரலிலிருந்து எடுத்துவிடலாம்.